நெற்றியிலிருந்து இறங்கி வந்த மூக்கு

முகத்தில் புற்றுநோயை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி கட்டி எழுப்பப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தருவார்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், தையலை எப்போது பிரிப்பார்கள், எல்லாம் அதில் இருக்கும். கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாள் வாசலில் வந்து நிற்கப்போகும் சின்னம்மாவை என்ன செய்வது என்பது மட்டும் இருக்காது. நான் எழுத நினைத்தது பெரும்பாலும் அந்தச் சின்னம்மாவைப் பற்றித்தான். ஆனால் மூக்கைச் சொல்லாமல் சின்னம்மாவுக்கு வர முடியாது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரி. பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஊரை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். 1948 ஜூனில் இங்கே தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் வந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் எங்கள் ஊருக்கு உள்ள இடம் அதுதான். “அதுக்கப்புறம் இந்த ஊர்ல வேகமா பரவுன செய்தி ஒங்க மூக்குதான் டீச்சர்” என்றாள் என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி. அவள் மிகைப்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

இடது மூக்கு மடலில், மூக்குத்திக்குக் கொஞ்சம் கீழே, மிளகளவில் ஒரு கறுப்புப் பரு. ஓரம் பளபளவென்று இருக்கும். முகம் துடைக்கும்போது சில நாள் துண்டில் ரத்தம் ஒட்டும், பிறகு பொருக்குத் தட்டும், ஆறிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஒட்டும். மூக்குத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். களிம்புக்கு அது மசியவில்லை. பிறகு ஈப்போவில் தோல் மருத்துவர் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பேசல் செல் கார்சினோமா என்று முடிவு வந்தது, தோல் புற்றுநோயில் ஒரு வகை.

இது வெள்ளைக்காரர்களின் வியாதி, நம் நிறத்துக்கு வராது என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம். நமக்கு வருவது குறைவு, அவ்வளவுதான். அவர்கள் தோலில் இது பெரும்பாலும் இளஞ்சிவப்பாக, முத்துப்போன்ற பளபளப்போடு தெரியும். நம் தோலில் கறுப்பு நிறமி ஏறி மச்சம்போல இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. உடம்பின் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது என்பது நல்ல செய்தி. அப்படியே விட்டால் இருந்த இடத்திலேயே தோலையும் குருத்தெலும்பையும் எலும்பையும்கூட அரித்துக்கொண்டு போகும் என்பது கெட்ட செய்தி. முக்கியக் காரணம் வெயில், முகத்தில் முதலில் வெயில் படுவது மூக்கில். ஆயுள் முழுக்க வெளியில் வேலை செய்தவர் என் அம்மா. ஆனால் ரப்பர் பால் வெட்டுக்காரிகளுக்குப் பால்மரத்து நிழல் இருந்தது. திடல் நடுவில் விசிலோடு நின்ற எனக்கு அதுவும் இல்லை. இந்த நாட்டில் நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 10ஐத் தாண்டுவது சாதாரணம். நாங்கள் விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி வைத்ததெல்லாம் பத்து மணிக்கு மேல்தான்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவார்கள். சின்ன, எல்லை தெளிவாகத் தெரிகிற கட்டியாக இருந்தாலே சுற்றிலும் 4 மில்லிமீட்டர் என்பது வழக்கமான கணக்கு. மூக்கு மடலில் 4 மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை, கண்ணாடி முன் நின்று அளந்து பாருங்கள். வெட்டிய துண்டின் ஓரங்களை உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்து, மிச்சம் இருக்கும் பக்கத்தை மட்டும் மேலும் வெட்டும் முறை ஒன்று உண்டு. 1930களில் ஃபிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கி வைத்தது, அவர் பெயராலேயே மோஸ் என்கிறார்கள். எனக்கு அது இல்லை. வெட்டி எடுத்து, புண்ணைக் கட்டிவைத்து, ஓரங்கள் சுத்தம் என்று ஆய்வகம் சொல்லும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் மூக்கைக் கட்டினார்கள். இடையில் மூக்கின் ஒரு பக்கம் இல்லாமல், துணிக்கட்டோடு வீட்டில் இருந்தேன். இந்தக் காத்திருப்பு கொடுமை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது உதவியது. சுத்தம் என்று தெரியாமல் அதன்மேல் நல்ல தோலைப் போர்த்துவதில் எனக்குச் சம்மதமில்லை. வீட்டைத் தயார் செய்யவும் அந்த நாட்கள்தான் கிடைத்தன.

புது மூக்குத் தோல் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். “நெற்றியிலிருந்து” என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். வேறு இடத்துத் தோலை மெல்லிசாகச் சீவி ஒட்டினால் நிறமும் தடிமனும் சேராது, குழிந்துபோகும். நெற்றித் தோல்தான் மூக்குத் தோலுக்கு நெருக்கமானது. புருவத்தின் உள்முனைக்குப் பக்கத்தில் மேலே ஏறும் ஒரு ரத்தக் குழாய் இருக்கிறது. அதை அறுக்காமல் அதன்மேல் உள்ள நெற்றித் தோலை நீளவாக்கில் கிளப்பி, திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்கில் தைப்பார்கள். மடல் சரிந்துவிடாமல் இருக்கக் காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு. மூன்று வாரம் அந்தத் தோல் புருவத்தோடும் மூக்கோடும் ஒரே சமயத்தில் ஒட்டியபடி இருக்கும். அதற்குள் மூக்குப் பக்கத்திலிருந்து புது ரத்த ஓட்டம் பிடித்துவிடும். பிறகு நடுவில் இருக்கும் காம்பை வெட்டிவிடுவார்கள்.

அவர் படம் போட்டுக் காட்டும்போதே எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா தோட்டத்து நாற்றங்காலில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். கன்றின் பட்டையைக் கத்தியால் கிளப்பி, நல்ல இன மரத்து மொட்டுப் பட்டையை அதில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றிவிடுவார். ஏறக்குறைய மூன்று வாரம் தொடக்கூடாது. பிறகு நாடாவைப் பிரித்து நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பழைய தண்டை மேலே வெட்டுவார். ஒட்டுப் பிடிப்பதற்கு முன் அவசரப்பட்டுப் பிரித்தவனை அவர் திட்டிய திட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்று வாரம் ஏன் என்று டாக்டரிடம் நான் அப்புறம் கேட்கவே இல்லை.

இந்த முறை நம் பக்கத்திலிருந்து போனது என்பதையும் சொல்லியாக வேண்டும், டீச்சர் புத்தி போகாது. சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூலில் அறுபட்ட மூக்கைக் கட்டும் வழி இருக்கிறது. இலையை அளவுக்கு வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்து, மூச்சுவிட ஆமணக்குக் குழாய்களை வைக்கச் சொல்கிறது. நெற்றித் தோல் முறை வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்த கதை இன்னும் சுவையானது. ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்பவரைத் திப்பு சுல்தானின் படை பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டது. பூனாவுக்குப் பக்கத்தில் செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலால் மூக்குச் செய்து கொடுத்தார். மெழுகைத் தகடாக்கி மூக்கில் வைத்து அளவெடுத்து, அதையே நெற்றியில் விரித்து வரைந்துகொண்டாராம். 1794 அக்டோபரில் இது லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் செய்து பார்த்தார். என் சர்ஜன் அளவெடுத்தது தையல் நூல் வரும் பொட்டலத்தின் அலுமினியத் தாளில். இலை, மெழுகு, அலுமினியம், மாறியது அவ்வளவுதான். அந்தச் செங்கல்காரரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

உடம்பைத் தயார் செய்வதில் எனக்குப் பெரிய வேலை சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இறங்கினால்தான் புண் ஒழுங்காக ஆறும் என்றார்கள். இந்த நாட்டு இந்தியர்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். புகை அடுத்தது. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், கிளப்பி ஒட்டிய தோல் கறுத்துச் செத்துப்போகவும் கூடும். நான் பிடிப்பதில்லை, வீட்டுக்காரர் பிடிப்பார். அவரை கேட்டுக்கு வெளியே அனுப்பினேன், பாதி நாள் அலுத்துப்போய்ப் பிடிக்காமலே திரும்பி வருவார். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ, நாட்டு மருந்து என்று “அது மருந்தில்லையே” என்று நாம் சொல்லாமல் விடுவதையும் சொல்லிவிட வேண்டும், அவற்றில் சில ரத்தக் கசிவைக் கூட்டும்.

வீட்டுக்கு வேண்டியது கொஞ்சம்தான். தலைவழியாகப் போடும் உடுப்புக்குப் பதிலாக முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை, கூடுதல் தலையணை, வாசலின், பஞ்சுக் குச்சி. தலையை உயர்த்தித்தான் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கண் திறக்காத அளவுக்கு வீக்கம். எனக்கு ஹாலில் இருக்கும் சாய்வு நாற்காலிதான் படுக்கை. ஓய்வூதிய அட்டை இருப்பதால் எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவில்லை. அட்டை இல்லாத குடிமக்களுக்கும் நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) தான். செலவெல்லாம் போக்குவரத்தில். ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கட்டு மாற்றப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், கட்டுப்போட்ட ஆள் கார் ஓட்ட முடியாது. யார் ஓட்டுவது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி மனிதர்கள். டாக்டர் மற்ற நோயாளிகளின் படங்களைக் காட்டினார், முதல் வாரம், மூன்றாம் வாரம், ஒரு வருடம் கழித்து. நான் பார்த்தது போதாது என்று வீட்டுக்காரரையும் மகனையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் முதல் படத்திலேயே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அது அன்றைக்கே நடந்தது நல்லது. என் முகத்தைப் பார்த்து எழுந்து போயிருந்தால் எனக்கு வேறு மாதிரி வலித்திருக்கும். பேத்திக்குப் படம் காட்டவில்லை, அவள் வரையும் தாளில் நானே ஒரு முகம் வரைந்து, நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு பட்டை வரைந்து, “பாட்டி கொஞ்ச நாள் இப்படித்தான் இருப்பேன்” என்றேன். “மூக்கு அரிச்சா எங்க சொறிவீங்க?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அப்போது சிரித்துத் தள்ளிவிட்டேன்.

உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டேன்: “எனக்கு உயிருக்கு ஆபத்தில்லை. மூன்று வாரத்துக்கு என் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சதைத் துண்டு இருக்கும், பார்க்க நன்றாக இருக்காது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அழ வருகிறவர்கள் ஒரு மாதம் கழித்து வரவும். சமைத்துக்கொண்டு வருகிறவர்கள் எப்போதும் வரலாம்.” பாதிப்பேர் கோபித்துக்கொண்டார்கள். மீதிப்பேர் சமைத்துக்கொண்டு வந்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது மூக்கைவிடக் காது வலித்தது. மூக்கு மரத்துக் கிடக்கும், குருத்தெலும்பு எடுத்த காதுதான் படுக்க விடாது. முதல் இரண்டு நாள் காம்பின் பின்பக்கத்திலிருந்து கசிந்துகொண்டே இருந்தது. அங்கே தோல் இல்லை, பச்சைச் சதை, கசிவது எதிர்பார்த்ததுதான். கசிவது வேறு, கொட்டுவது வேறு. அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருந்தார்கள். மிஸ்ஸி (நர்ஸ்) வந்து தொட்டுப் பார்ப்பார், லேசாக அழுத்தி விட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். வெளுத்துப்போனால் ரத்தம் வரவில்லை, ஊதா படர்ந்தால் வந்த ரத்தம் திரும்பவில்லை. நம் நிறத்தில் இது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அதனால் சூட்டையும் பார்க்கிறார்கள்.

கண்ணாடி போட முடியாது, அது உட்கார வேண்டிய இடத்தில்தான் காம்பு இருக்கிறது. படிக்காமல் இருப்பது எனக்கு வலியைவிடக் கஷ்டம். மகன் கண்ணாடியின் கம்பியை பிளாஸ்டரால் நெற்றியின் மறுபக்கத்தில் ஒட்டிப் பார்த்தான், பேப்பர் படிக்கும் அளவுக்கு நின்றது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அந்த வாரம் பார்த்துப் பின்வீட்டில் மிளகாய்ச் சம்பல் தாளித்தார்கள்.

பேத்தி கேட்டதற்குப் பதிலும் கிடைத்தது. புது மூக்கில் விரல் பட்டால் உணர்ச்சி நெற்றியில் தெரிகிறது. நரம்பு இன்னும் நெற்றிக்காரர் பக்கம்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தால் நான் புருவத்துக்கு மேலே கையைக் கொண்டுபோவேன், ஈ இருந்த இடத்திலேயே இருக்கும். காம்பை வெட்டிய பிறகு இந்த வேடிக்கை போய், மூக்கு மரத்துவிட்டது. பிறகு மாதக்கணக்கில் ஊசி குத்துவதும் எறும்பு ஊர்வதுமாக உணர்ச்சி மெல்லத் திரும்பியது.

சாப்பாட்டில்தான் சண்டை. கத்திரிக்காய் கரப்பான், கருவாடு கரப்பான், முட்டை சீழ் கோக்கும், இறால் அரிக்கும் என்று கழித்துக்கொண்டே போனால் கடைசியில் தட்டில் கஞ்சி மட்டும் மிஞ்சும். புண் ஆற வேண்டிய உடம்புக்குப் புரதம் வேண்டும். கஞ்சியிலேயே பத்தியம் இருந்தால் சர்க்கரை ஏறும், புரதம் இறங்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பசாரில் ஹாருவான் வாங்கி சூப் வைத்துக் கொண்டுவந்தார். நம் விரால்தான். அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு மலாய்க்காரர், சீனர், நாம் என்று எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறோம். அதில் மந்திரம் இருக்கிறதோ இல்லையோ, நல்ல புரதம் இருக்கிறது, மெல்லவும் கஷ்டமில்லை. நான் ஹாருவானோடு முட்டையும் சாப்பிட்டேன். சீழ் வரவில்லை.

புண்ணைக் காயவிட வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. பொருக்குக் கட்டாமல் வாசலின் தடவி ஈரமாக வைத்தால்தான் தோல் சீக்கிரம் மூடும், தழும்பும் மெல்லிசாக வரும். மஞ்சள் இல்லை, தேங்காய் எண்ணெய் இல்லை, விபூதி இல்லை.

விபூதி என்றதும் சின்னம்மா வந்துவிட்டார். நெற்றியின் மேல்பகுதியை இழுத்துத் தைக்க முடியாமல் தானாக ஆறட்டும் என்று விட்டிருந்தார்கள், அது மூட வாரக்கணக்கில் ஆகும். அங்கே பொட்டு வைக்க முடியாது. மூக்குத்தியும் இல்லை. சின்னம்மா வாசலில் நின்றபடியே, “என்னாடி இது, புருசன் கல்லு மாதிரி ஒக்காந்திருக்கான், நெத்தியில பொட்டு இல்ல, மூக்குல ஒண்ணும் இல்ல” என்று அழ ஆரம்பித்தார். புற்றுநோய் அவருக்கு இரண்டாம்பட்சம்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை. முகத்தில் ஒரு ஓட்டை விழுந்ததைவிட, நான் என்று ஊருக்குத் தெரிந்த இரண்டு அடையாளங்கள் ஒரே நாளில் போனது என்னையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. சின்னம்மா கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் எழுந்து வந்து, “அத்த, பொட்டு எனக்காகத்தான்னா, எனக்கு வேணாம். உள்ள வந்து சாப்புடுங்க” என்றார். அப்படியெல்லாம் பேசுகிற மனுஷன் இல்லை. சின்னம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்து, விரால் சூப்பில் உப்புக் குறைவு என்றார்.

மூன்று வாரம் முடிந்து காம்பை வெட்டினார்கள், அது சின்ன வேலைதான். ஏமாற்றம் அதற்குப் பிறகுதான் வரும், இதற்குத் தயாராக இருங்கள். கட்டெல்லாம் போய்விட்டது, இனி மூக்கு தெரியும் என்று கண்ணாடியைப் பார்த்தால், ஒரு பக்கம் உப்பலாக, தடிப்பாக, யாருடையதோ மாதிரி ஒரு மூக்கு. முதல் இரண்டு மாதம் தழும்பு தடித்து நிறம் ஏறிக்கொண்டுதான் போகும். நம் தோலில் கறுத்து நிற்பதும் மேடு கட்டுவதும் அதிகம். டாக்டர் அனுமதித்த பிறகு தினமும் விரலால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும், சிலிக்கோன் ஜெல் போடலாம். தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் கொழுப்பைச் செதுக்கி மெல்லிசாக்க இன்னொரு சிறு அறுவை சிகிச்சை. தழும்பு அடங்க ஒரு வருடம் வரை ஆகும். அதற்கு முன் எடுத்த எந்த செல்ஃபியையும் வைத்து டாக்டரைத் திட்டாதீர்கள். எனக்கு நெற்றித் தழும்பு நன்றாகவே அடங்கிவிட்டது, அதன் கீழ்முனையில்தான் இப்போது பொட்டு வைக்கிறேன். இடது மடல் இன்னும் கொஞ்சம் தடிப்புதான். செதுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புது மடலில் மூக்குத்திக் குத்தலாமா என்று கேட்டேன். கட்டிய இடத்தில் ஓட்டை போட வேண்டாம், கிருமி தொற்றினால் குருத்தெலும்பு கரைந்துவிடும் என்றார் டாக்டர். வலப்பக்கம் குத்திக்கொள் என்று சின்னம்மா நச்சரிக்கிறார். யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கல்லைப் பேத்திக்குத் தோடாகச் செய்யக் கொடுத்துவிட்டேன்.

இப்போது எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் அகலமான தொப்பியும் இல்லாமல் வெளியே போவதில்லை. ஒரு முறை வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் உடம்பு முழுக்கப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஊரும் என்னைப் பரிசோதகர் ஆக்கிவிட்டது. மார்க்கெட்டில் நின்றால் யாராவது கையை நீட்டி, “டீச்சர், இந்த மச்சத்தப் பாருங்க” என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு மாதமாகியும் ஆறாத புண், அடிக்கடி ரத்தம் ஒட்டும் மச்சம், வளர்ந்துகொண்டே போகும் கறுப்பு, எதுவானாலும் களிம்பு வாங்காதே, கிளினிக்குக்குப் போ. எதிர்வீட்டு லோரி அண்ணன் காதின் மேல்மடலில் ஒன்று இருக்கிறது, அவர் ஓட்டும்போது வெயில் படும் பக்கம். பயந்துகொண்டு தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தவர், வியாழக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கும் அன்றைக்குத்தான் சர்க்கரை பார்க்கும் நாள், ஒரே காரில் போய்விடுவோம்.